கிழங்கு கொடுத்த வீடுகள்

பிரிஸ்கில்லாவின் டேலியாக்கள் இரண்டாவது வருடமாக முழங்காலுக்கு மேல் வளரவில்லை.

நாகலூர் சாலையில் இருக்கும் ஒரு விருந்தினர் விடுதியில் அவள் பதினாறு வருடமாகத் தோட்ட வேலை பார்க்கிறாள். வாசல் படியிலிருந்து கேட் வரை இரண்டு பக்கமும் டேலியா பாத்தி. முன்பெல்லாம் செடி அவள் மார்பு உயரத்துக்கு வரும். மூங்கில் குச்சி நட்டுக் கட்டாவிட்டால் பூவின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். விரித்த கையளவுக்குப் பூக்கும் கருஞ்சிவப்பு ரகம் ஒன்று இருந்தது. விடுதிக்கு வருகிறவர்கள் பெட்டியை இறக்குவதற்கு முன்பே அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு தை மாதமும் அவள் கிழங்குகளைத் தோண்டிப் பிரிப்பாள். ஒரு தாய்க்கிழங்கிலிருந்து நாலு, ஐந்து கிடைக்கும். மிஞ்சியதைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். கேட்காதவர்களுக்கும் கொடுத்திருக்கிறாள். புது வீடு கட்டினவர்கள், சபையில் கல்யாணம் முடிந்தவர்கள், பஸ்ஸில் பழக்கமானவர்கள் என்று மலையில் பல வாசல்களில் அவள் செடி நின்றது. வாழவந்தி வரை அவளை டேலியா அக்கா என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரை அவள் ஒருபோதும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இலையைப் பார்த்து நோய் சொல்வதிலும் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. மாவு தூவினதுபோல் வெள்ளை படர்ந்தால் சாம்பல் நோய். ஆடி மாத மூடுபனியில் மொட்டு சாம்பல் நிறமாக மயிர் முளைத்து அழுகினால் பூஞ்சணம்; காற்றுப் போகும்படி கிளையைக் கழிக்க வேண்டும். இலை மேலே மஞ்சள் புள்ளியும் கீழே மெல்லிய வலையும் இருந்தால் செஞ்சிலந்தி. தண்டின் அடி கறுத்தால் வேரடியில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இப்போது வந்திருந்தது இதில் எதுவுமில்லை. இலை பச்சையாகத்தான் இருந்தது. நரம்பை ஒட்டி மட்டும் மஞ்சள் ஓடியது. இலை சுருங்கி, மேல்பக்கம் கொப்புளம்போல மேடு தட்டியிருந்தது. கணுவுக்கும் கணுவுக்கும் இடையில் இரண்டு விரல்கூட வைக்க முடியவில்லை. பூ வந்தது, ஆனால் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

முதல் வருடம் மண்ணுக்குச் சத்து இல்லை என்று நினைத்தாள். மாட்டெருவும் எலும்புத்தூளும் போட்டாள். பிறகு உரக்கடையில் கேட்டு நுண்ணூட்டக் கலவை தெளித்தாள். மிளகுக்கும் காப்பிக்கும் அடிக்கிற போர்டோ கலவையை அடித்துப் பார்த்தாள். இலை நீலம் பூத்துப்போனதே தவிர வேறு மாற்றமில்லை. வேரில் முடிச்சுப் புழு இருக்குமோ என்று ஒரு செடியை முழுசாகத் தோண்டிக் கழுவிப் பார்த்தாள். வேர் சுத்தமாக இருந்தது. கிழங்கு பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தது. அதைத் திரும்ப நட்டுவைத்தாள்.

ஆனி மாதம் பக்கத்து எஸ்டேட்டில் மிளகுக்கொடிகள் வாடுகின்றன என்று தோட்டக்கலைத் துறையிலிருந்து சிவரஞ்சனி வந்திருந்தாள். இருபத்தேழு வயதுப் பெண். ஸ்கூட்டரில் மலை முழுக்கச் சுற்றுகிறவள். மழை பிடித்துக்கொண்டதால் விடுதி வாசலில் ஒதுங்கி நின்றாள். பிரிஸ்கில்லா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அப்படியே இந்தச் செடியையும் ஒருதரம் பாருங்க மேடம் என்றாள்.

சிவரஞ்சனி ஓர் இலையைப் பறித்து வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். இலையைத் திருப்பினாள். தண்டோடு ஊர்ந்த எறும்புகளைப் பார்த்தாள். போன வருடம், அதற்கு முந்தின வருடம் எடுத்த படங்கள் போனில் இருக்கின்றனவா என்று கேட்டாள். பிரிஸ்கில்லாவின் போனில் நிறைய இருந்தன. மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு படத்தில், கேட் பக்கம் கடைசியில் நின்ற ஒரு செடியின் கீழிலைகளில் அதே மஞ்சள் கோடு இருந்தது. படம் எடுத்த அன்று பிரிஸ்கில்லா அந்தச் செடியைப் பார்க்கவில்லை. பூவைத்தான் பார்த்திருந்தாள்.

"இது வைரஸ் மாதிரிதான் இருக்குதுங்கக்கா. இதுக்கு மருந்து கிடையாது" என்றாள் சிவரஞ்சனி.

பிரிஸ்கில்லா நம்பவில்லை. தெளிக்க ஏதாவது இருக்கும், விலை அதிகமாக இருந்தாலும் பரவாயில்லை என்றாள். சிவரஞ்சனி பொறுமையாகச் சொன்னாள். பூஞ்சணம் என்றால் இலைமேல் இருக்கும், மருந்து படும். இது செடியின் சாற்றுக்குள்ளேயே இருக்கிறது. கிழங்கிலும் இருக்கிறது. அந்தக் கிழங்கைப் பத்தாகப் பிரித்தால் பத்திலும் இருக்கும். அசுவினிப் பூச்சி ஒரு செடியில் உறிஞ்சிவிட்டு அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். சில வகை, வெட்டுகிற கத்தியோடும் போகும். செடியைக் கிழங்கோடு எடுத்து எரிப்பது ஒன்றுதான் வழி. மண்ணில் தங்காது, அது ஒரு நல்ல காரியம்.

பிறகு அவள் கேட்டாள்: "இந்தக் கிழங்கை வேற யாருக்காச்சும் குடுத்திருக்கீங்களா?"

"ரெண்டு மூணு பேருக்குக் குடுத்திருப்பனுங்க" என்றாள் பிரிஸ்கில்லா.

மழை விட்டது. கண்ணால் பார்த்து மட்டும் முடிவு சொல்லக்கூடாது, கோயம்புத்தூருக்கு அனுப்பிப் பார்த்துவிடலாம் என்று சிவரஞ்சனி நாலைந்து இலைகளைக் காகித உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் பிரிஸ்கில்லா எஸ்டேட்டில் ஜீப் ஓட்டும் கணவன் ஜாபெஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். விரல்விட்டு எண்ணிப் பார்த்ததில் கடைசி மூன்று வருடத்தில் மட்டும் முப்பத்தோரு வீடுகள் வந்தன. ஜாபெஸ் கெட்ட மனிதன் இல்லை. ஆனால் அவனுக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. செடி சின்னதாகப் போனால் மழை, மண் என்று அவர்களே நினைத்துக்கொள்வார்கள், யாரும் உன்னை வந்து கேட்கப்போவதில்லை என்றான். அவன் சொன்னது உண்மைதான் என்று அவளுக்கும் தெரிந்தது. அதுதான் அவளைத் தொந்தரவு செய்தது. இரண்டு வருடமாக வழியில் பார்க்கிறவர்களில் ஒருவர்கூட, உன் செடி சரியில்லை என்று அவளிடம் சொன்னதில்லை.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. வைரஸ்தான். பிரிஸ்கில்லா போனிலேயே, ரெண்டு மூணு இல்லீங்க மேடம், முப்பத்தோரு ஊடு என்றாள். சிவரஞ்சனி, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு இலை எடுத்துக்கிட்டு வாங்க, உறைமேல் பெயர் எழுதுங்க, சந்தேகம் இருக்கிறதை மட்டும் அனுப்பலாம் என்றாள். முடிவு தெரிகிறவரை எந்தச் செடியையும் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

விடுதிப் பாத்தியைப் பொறுத்தவரை சந்தேகமே இல்லை. மேனேஜர் வெங்கடாசலம் பூஜை விடுமுறை முடியும்வரை முன்வரிசையையாவது விட்டுவைக்கச் சொன்னார். வருகிறவர்கள் மொட்டைப் பாத்தியையா படம் எடுப்பார்கள் என்று கேட்டார். பிரிஸ்கில்லா ஓர் இலையைப் பறித்து அவர் மேசைமேல் வைத்துவிட்டு, இது காத்துல பூச்சியோட பறக்குதுங்க சார் என்று மட்டும் சொன்னாள். என்னவோ பண்ணு என்று அவர் கையை விரித்தார். ஒரே காலையில் நாற்பது செடிகளையும் தோண்டினாள். ஈரக் கிழங்கு எரியவில்லை. காப்பிச் செடியில் கழித்த கவாத்துக் குச்சியைப் போட்டு இரண்டு நாள் எரிக்க வேண்டியிருந்தது.

அந்த வேகத்தோடு அவள் ஒரு தப்பைச் செய்தாள்.

விடுதிச் சமையலறையில் வேலை செய்யும் தெரசம்மாளின் வீடு கிணற்றுக்குப் பின்னால் இருந்தது. ஐம்பத்தைந்து வயது. பதினாறு வருடமாக இருவரும் பதினொரு மணி டீயைச் சமையலறைப் பின்வாசலில் உட்கார்ந்து சேர்ந்துதான் குடிக்கிறார்கள். அவர் வீட்டு வாசலில், பல வருடத்துக்கு முன்பு பிரிஸ்கில்லா கொடுத்த ஏழு டேலியா. பிரிஸ்கில்லா அங்கே போனபோது தெரசம்மாள் சமையலில் இருந்தார். வீட்டில் யாருமில்லை. செடிகளின் இலை மஞ்சளாக இருந்தது. மூன்று செடி குட்டையாக நின்றது. கிணற்றுக்கு இந்தப் பக்கம்தான் தன் பாத்தி என்பது மட்டும் அவள் மனதில் ஓடியது. சொன்னபடி இரண்டு இலையை உறையில் போட்டாள். பெயரையும் எழுதினாள். அதற்கப்புறம் கடப்பாரையை எடுத்து ஏழையும் பிடுங்கிக்கொண்டுபோய் எரிகிற குவியலில் போட்டுவிட்டாள்.

பிறகு சமையலறைக்குப் போய்ச் சொன்னாள். தெரசம்மாள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் பார்த்தார். நீ குடுத்தது, நீயே எடுத்துக்கிட்ட, நோவுன்னா என்ன பண்றது என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினார்.

இரண்டு வாரம் கழித்து சிவரஞ்சனி கூப்பிட்டாள். தெரசம்மாள் என்று பெயர் எழுதிய உறையில் வைரஸ் இல்லை. இலையின் அடியில் செஞ்சிலந்தியின் முட்டை இருந்திருக்கிறது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்து, இரண்டு தடவை வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் சரியாகியிருக்கும் என்றாள். அந்தச் செடி இருக்கிறதாங்கக்கா, மலையிலேயே சுத்தமான கிழங்கு அதுவாகத்தான் இருக்கும் என்று கேட்டாள்.

பிரிஸ்கில்லா இல்லை என்றாள்.

செஞ்சிலந்தி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இலையைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். பாத்தி முழுக்க வைரஸைப் பார்த்த கண்ணுக்கு எல்லா மஞ்சளும் ஒரே மஞ்சளாகத் தெரிந்திருந்தது. இதை தெரசம்மாளிடம் சொல்லாமல் விட்டாலும் விடலாம். ஜாபெஸிடம் கேட்டால் விட்டுவிடு என்றுதான் சொல்வான். அதனால் அவனிடம் கேட்காமலே போனாள்.

தெரசம்மாள் பின்வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பிரிஸ்கில்லா நின்றபடியே சொன்னாள். செடிக்கு வந்திருந்தது வேறு, நான் சரியாகப் பார்க்காமல் எடுத்துவிட்டேன் என்றாள்.

தெரசம்மாள் உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டார்.

"நல்லா இருந்ததைப் புடுங்கிட்ட. அதுகூட போவுது கண்ணு. கை தப்புறதுதான். பத்தடி தூரத்துல நான் சோறாக்கிட்டு இருக்கறன். வந்து ஒரு வார்த்தை கேக்கலியே."

புதுக் கிழங்கு வாங்கித் தருகிறேன் என்றாள் பிரிஸ்கில்லா. வேண்டாம் என்றார் தெரசம்மாள். மறுநாளிலிருந்து பதினொரு மணிக்கு அவள் டீ மட்டும் பாத்திக்கு வந்துசேர்ந்தது, வேறொரு வேலையாள் கையில். டேலியா நின்ற இடத்தில் தெரசம்மாள் அவரைக்கொட்டை ஊன்றினார்.

அதற்குப் பிறகு பிரிஸ்கில்லா அவசரப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜாபெஸ் ஸ்கூட்டரை எடுப்பான். முதல் இரண்டு வாரம் முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தான். மூன்றாவது வாரத்திலிருந்து அவனே போகிற வழியைத் திட்டம் போட்டான். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் விஷயத்தைச் சொல்வாள். நான் கொடுத்த கிழங்கில் நோய் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டேன், பார்க்கட்டுமா என்று கேட்பாள். இந்த மூன்று வாக்கியத்தைச் சொல்வதுதான் மிகக் கஷ்டமாக இருந்தது. ஆறேழு வீடு தாண்டியதும் கொஞ்சம் பழகியது. பிறகு குனிந்து இலையைத் திருப்புவாள்.

எல்லா வீட்டிலும் ஒரே வியாதி இல்லை. மாரமங்கலத்தில், முப்பத்தோரு வீட்டுக் கணக்கில் இல்லாத அத்தாயியின் செடி வெள்ளை வெளேரென்று இருந்தது. வெள்ளையைத் துடைத்தால் அடியில் இலை நல்ல பச்சை. வாங்கிய வருடத்தைக் கேட்டாள். ஆறு வருடம் ஆகியிருந்தது. நோய் வருவதற்கு முன்னால் கொடுத்தது. பலாமரத்து நிழலில் காற்றில்லாமல் நெருக்கி நட்டிருந்ததால் வந்த சாம்பல் நோய். அடியிலைகளைக் கழித்து, கந்தகத்தூள் கரைத்துத் தெளித்து, கிழங்கு எடுக்கும்போது வெயிலுக்கு மாற்றச் சொன்னாள். சந்தேகத்துக்கு இரண்டு இலை எடுத்துக்கொண்டாள். அதில் வைரஸ் இல்லை என்றே பின்னால் வந்தது.

பொன்னுவேல் வீட்டில் செடியே இல்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, குழாயடியில் நட்டோம், ஒரே மாசத்தில் அடி கறுத்து நாறிப்போச்சு, உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க, அதனால பஸ்ஸுல உங்களைப் பாத்தா வேற சீட்டுக்குப் போயிருவனுங்க என்றார். இரண்டு வருடமாக அவர் ஏன் முகம் திருப்பிக்கொண்டார் என்று பிரிஸ்கில்லா யோசித்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் பல வாரத்துக்கப்புறம் முதல்முறையாகச் சிரித்தாள்.

சில வீடுகளில் சுலபமாக இருந்தது. சொன்ன உடனே மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தி, இலவசமாகக் கொடுத்தால் இப்படித்தான் என்றார்கள். அதற்கும் தலையாட்டினாள். சந்தேகமான இலைகளை உறையில் போட்டாள். முடிவு வந்த பிறகே திரும்பப் போனாள். ஐப்பசி பிறப்பதற்குள் பதினான்கு வீட்டில் செடி எடுத்தாகிவிட்டது. எடுத்ததையெல்லாம் சாக்கில் கட்டி விடுதிக்குக் கொண்டுவந்து எரித்தாள். வீட்டுக்கு வீடு கத்தியையும் மண்வெட்டியையும் சோப்புப் போட்டுக் கழுவி, கத்தியைக் கொதிநீரில் முக்கினாள்.

வாழவந்தியில் கவிதாவின் வீடுதான் மிச்சம் இருந்தது.

கவிதாவின் கணவர் தனபால் மிளகு பறிக்க ஏறினவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்திருந்த ஏணி வழுக்கி விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஜன்னலோரம் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம்தான் பிரிஸ்கில்லா கருஞ்சிவப்புக் கிழங்கு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கவிதா அதை ஜன்னலுக்கு நேர் எதிரே நட்டாள்.

அந்தச் செடியில் நோய் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆய்வும் அதையே சொன்னது. முடிவைச் சொல்லப் போனபோது கவிதா வாசலை மறித்து நின்றாள்.

"ஏனுங்கக்கா, ஊட்ல ஒருத்தருக்கு நோவுன்னா தூக்கி வெளிய போட்டுருவோமா? அவரு காலைல கண்ணு முழிச்சா மொதல்ல பாக்கறது அதைத்தான். சின்னதாப் பூத்தாலும் பூக்குதுங்க. நான் எடுக்க உடமாட்டேன்."

பக்கத்தில் முருகன் வீட்டில் இருபதடி தள்ளி ஒரு டேலியா நின்றது, வேறெங்கோ வாங்கினது, இன்னும் நல்ல செடி. அதைச் சொன்னால் கவிதா கேட்பாள் என்று ஜாபெஸ் காதருகே சொன்னான். பிரிஸ்கில்லா அதைச் சொல்லவில்லை. கவிதாவின் குரல் உயர்ந்ததும் உள்ளே கட்டில் கிறீச்சிட்டது கேட்டது. அண்ணனைக் கேக்கட்டுமா என்றாள். கவிதா தயங்கினாள். அவரிடம் செடிக்கு வியாதி என்று இதுவரை சொல்லவில்லை என்றாள். பிறகு வழிவிட்டாள்.

தனபால் தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். பிரிஸ்கில்லா வழக்கமான மூன்று வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கினாள். இரண்டாவதிலேயே அவர் குறுக்கிட்டார்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றார்.

போன தீபாவளி முடிந்து நாலாம் நாள் நுனிக்குருத்தில் கறுப்புப் பூச்சி வந்தது என்றார். அதற்கப்புறம் எறும்பு ஏறியது. பொங்கலுக்குள் வடக்குப் பக்கத்து மூன்றாவது இலை சுருங்கியது, பிறகு அதற்கு மேலே இருந்தது. செடி எவ்வளவு குறைந்தது என்பதை ஜன்னல் கம்பியை வைத்துக் கணக்கிட்டிருந்தார். போன வருடம் மூன்றாவது கம்பிக்குப் பூ வந்தது. இந்த வருடம் முதல் கம்பியைத் தொடவில்லை. இத்தனை வீட்டில் ஒருவர்கூட இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. பிரிஸ்கில்லாவே தன் பாத்தியை இப்படிப் பார்த்ததில்லை.

"கவிதாகிட்ட ஏனுங்ணா சொல்லலை?" என்று கேட்டாள்.

"நான் நாள் பூரா அதையே பாத்துக்கிட்டுக் கெடக்கறேன். என் கண்ணுதான் பட்டுருச்சுன்னு நெனச்சனுங்க" என்றார்.

கதவருகில் நின்ற கவிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிரிஸ்கில்லா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கண் இல்லீங்ணா, கிழங்கு இங்க வரும்போதே நோவோடதான் வந்திருக்குது, நான்தான் கொண்டாந்தேன் என்றாள். முதல் வருஷம் நல்லா வளந்துதே என்று அவர் கேட்டார். உள்ளே இருந்தாலும் சில செடியில் முதல் வருடம் வெளியே காட்டாது, அப்புறம்தான் காட்டும், பூச்சி வேறு வந்து கூட்டியிருக்கலாம் என்று சொன்னாள். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்பதையும் சொன்னாள். யார் பார்த்ததாலும் வந்தது இல்லை என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். எடுக்க வேண்டியதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். இப்போது அதில் இரண்டு மொட்டு இருக்கிறது, அது விரிகிறவரை விட முடியுமா என்று கேட்டார்.

முடியாது என்பதுதான் சரியான பதில். அவள் வெளியே போய் முருகனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். மூன்று நாலு வாரம் ஆகும், அதுவரை பூச்சி வராமல் மருந்தடிக்கிறேன், ஆனாலும் உங்கள் செடிக்கு வராது என்று உறுதி சொல்ல முடியாது என்றாள். முருகன் ஜன்னலைப் பார்த்தான். அண்ணன் பாக்கட்டுங்க, எங்க செடி போனாப் போவுது என்றான்.

நாலு ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து அவள் வாழவந்திக்கு வந்தாள். சோப்புக் கரைசலும் வேப்பெண்ணெயும் கலந்து, இலைக்கு மேலும் கீழும் குருத்திலும் நனைய அடித்தாள். பிழைக்காத செடிக்கு மருந்தடிப்பதைப் பார்த்து வழியில் போகிறவர்கள் எதற்கு என்று கேட்டார்கள். பூச்சிக்குத்தான் மருந்து, செடிக்கு இல்லை என்று சொன்னாள். உள்ளிருந்து தனபால், இடப்பக்கக் கிளையில் அடியிலை விட்டுப்போச்சுங்க என்று சொல்வார். அவர் சொல்வது சரியாக இருக்கும். நடுவில் ஒருநாள் சிவரஞ்சனியும் வந்து பார்த்துவிட்டு, செடியை வைத்திருப்பதற்கு முகம் சுளித்தாள். உள்ளே போய் அவரோடு அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தபிறகு ஒன்றும் சொல்லவில்லை. வாழவந்தியில் மிளகுக்கொடி வாடினால் என்னைக்கு ஆரம்பிச்சதுன்னு இவர்கிட்டத்தான் கேக்கணும்போல என்று மட்டும் சொன்னாள்.

ஒரு மொட்டு எலுமிச்சம்பழ அளவுக்கு விரிந்தது. இன்னொன்று பாதி விரிந்து மழையில் அழுகிவிட்டது. ஐந்தாவது ஞாயிறு பிரிஸ்கில்லா மண்வெட்டியோடு வந்தாள். விரிந்த பூவைக் கவிதா முதலிலேயே அறுத்து டம்ளரில் வைத்திருந்தாள். தோண்டியதும் தனபால் கிழங்கைப் பார்க்கவேண்டும் என்றார். மண்ணை உதறிவிட்டு ஜன்னல் கம்பி வழியாகக் காட்டினாள். பார்க்க நல்லாத்தானே இருக்குது என்றார் அவர். ஆமாங்ணா, பார்த்தால் தெரியாது என்று சொல்லிச் சாக்கில் போட்டுக் கட்டினாள்.

அந்த இடத்தில் என்ன வைப்பது என்று அவரையே கேட்டாள். உயரமாக வருகிற எதாவது, கிழங்கு வேண்டாம், விதையாக இருக்கட்டும் என்றார். மழை ஓய்ந்த மார்கழியில் சூரியகாந்தி விதை ஆறு ஊன்றினார்கள்.

முருகனின் டேலியாவுக்கு நோய் வரவில்லை, இதுவரை. விடுதிப் பாத்தியில் பிரிஸ்கில்லா வெளியூரிலிருந்து வாங்கின புதுக் கிழங்கு பத்து மட்டும் நட்டிருக்கிறாள். கேட்கிறவர்களிடம் இரண்டு பருவம் போகட்டும் என்கிறாள். தெரசம்மாள் அவளோடு பேசுகிறார், வேலை சம்பந்தமாக. பின்வாசலில் அவர் இப்போது தனியாகத்தான் டீ குடிக்கிறார்.

மாசி மாதம் கவிதா போன் செய்தாள். சூரியகாந்தி வளர்ந்து ஜன்னல் உச்சிக்கு வந்துவிட்டது, கட்டிலில் படுத்தால் தண்டும் மொட்டின் அடிப்பக்கமும்தான் தெரிகிறது, அவரு ஒரே சத்தம் போடறாருங்கக்கா என்றாள். நுனியை வெட்டிவிடலாமா என்று கேட்டாள். வெட்டினால் பூவே இருக்காது என்றாள் பிரிஸ்கில்லா.

அடுத்த ஞாயிறு ஜாபெஸும் முருகனும் கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, அவள் ஒவ்வொரு காலுக்கும் மூன்று செங்கல் வைத்தாள். தனபால் படுத்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒண்ணு வைங்க என்றார்.